13ஆம் இலக்கம்: உமாகாவுமில்லை, நோனுவுமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹரிகேன்ஸ் அணியின் வரலாற்றில் ஆகச் சிறந்த சென்டர் கொன்ராட் ஸ்மித். தானா உமாகா இல்லை, மா நோனுவும் இல்லை. கல்லெறிய வந்தவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு எறியவும் :-)

வெலிங்டனில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. எங்கள் கன்ரீனில் யாராவது வாயைத் திறந்து "சிறந்த சென்டர் யார்?" என்று கேட்டால் அடுத்த விரிவுரை போச்சு. பாதிப்பேர் உமாகா என்பார்கள், மிச்சப்பேர் நோனு என்பார்கள். ஸ்மித் என்று நான் சொன்னால், "அவரும் நல்ல ஆள்தான்" என்று ஒரு பதில் வரும். அந்த "தான்" இருக்கிறதே, அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

ரக்பி தெரியாத நண்பர்களுக்காக ஒரு பந்தி. (எங்கள் அப்பா இன்னமும் 'றகர்' என்றுதான் சொல்வார். கொழும்பில் அவர் படித்த காலத்துப் பழக்கம்.) பதினைந்து பேரில் முன்னால் நின்று முட்டி மோதுகிறவர்கள் எட்டுப் பேர். பின்னால் நிற்கும் ஏழு பேரில் 12ஆம், 13ஆம் இலக்கக்காரர்கள்தான் சென்டர்கள். 12 உள்ளே நிற்பவர், 13 வெளியே நிற்பவர். உள்ளே நிற்பவருக்கு எதிராளி நேராக வருவான், பிடித்தால் சரி. வெளியே நிற்பவருக்கு அப்படியில்லை. பந்து தன்னிடம் வருமா, தன்னைத் தாண்டி விங்குக்குப் போகுமா, பின்னாலிருந்து ஒருவன் குறுக்கே ஓடி வருவானா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் ஒரு எட்டு முந்தி வைத்தால் சங்கிலி அறுந்துவிடும். பிந்தி வைத்தாலும் அறுந்துவிடும். 13ஆம் இலக்கக்காரன் அந்தச் சங்கிலியின் மிகவும் பலவீனமான கண்ணியில் நிற்கிறான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உமாகாவுக்கு வருவோம்.

உமாகாவைக் குறைத்துப் பேசும் தைரியம் எனக்கில்லை. லோவர் ஹட்டில் பிறந்தவர். 74 டெஸ்ட், 36 ட்ரை. சமோவா வம்சாவளியிலிருந்து ஓல் பிளாக்ஸுக்குத் தலைவராக வந்த முதல் ஆள். 2005இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணியை 3-0 என்று அனுப்பிவைத்தபோது தலைவர் அவர்தான். 2003இல் ஹமில்டனில் வேல்ஸுடன் ஆடும்போது கொலின் சார்விஸ் நினைவிழந்து கிடந்தார். பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறது. உமாகா பந்தை விட்டுவிட்டு, அவர் மூச்சுத்திணறாதபடி பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தினார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மயிர் கூச்செறியும். (2006 இறுதியாட்டத்தில் தோற்ற இரவில், சண்டைக்கு நின்ற சக ஆட்டக்காரர் கிறிஸ் மசோவை ஒரு பெண்ணின் கைப்பையால் அடித்து அடக்கியவரும் இதே உமாகாதான். அந்தக் கைப்பை பிறகு இணையத்தில் ஏலம் போனது. நியூசிலாந்து ஒரு விசித்திரமான நாடு.)

ஆனால் ஐயா, கேள்வி சிறந்த மனிதர் யார் என்பதல்ல. சிறந்த தலைவர் யார் என்பதும் அல்ல. சிறந்த சென்டர் யார்? உமாகா 1996இல் ஹரிகேன்ஸில் தொடங்கியது விங்கில். 1999 உலகக் கோப்பையில் ஆடியதும் விங்கில், மறுபக்கம் ஜோனா லோமு. அவருடைய ட்ரைகளில் கணிசமானவை அந்தக் காலத்தவை. சென்டராக நன்றாக ஆடினார், மிக நன்றாகவே ஆடினார். ஆனால் விங்கில் போட்ட ட்ரைகளையும் தலைமையையும் ஹமில்டன் சம்பவத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி சென்டர் கணக்கில் வரவு வைப்பது கள்ளக் கணக்கு.

நோனு விடயம் கொஞ்சம் சிக்கலானது.

கடந்த வாரம் சமோவாக் குடும்பத்து நண்பன் ஒருவன் என்னை மடக்கினான். "உனக்கு ஏன் ஸ்மித்தைப் பிடிக்கிறது என்று தெரியும். நோனு மாடு மாதிரி முட்டுகிறவன், ஸ்மித் மூளையால் ஆடுகிறவன், அதுதானே? வெள்ளைக்காரனுக்கு மூளை, தீவுக்காரனுக்கு உடம்பு. ரீவியில் வர்ணனை செய்கிறவர்களிடமிருந்து நீயும் அதைப் படித்துவிட்டாய்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் பழைய வாதம் கிட்டத்தட்ட அதுவேதான். ஸ்மித் சட்டம் படித்தவர், வழக்கறிஞராகப் பதிவு செய்தவர் என்பதை நான் எல்லா விவாதத்திலும் இழுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே 'அந்த லோயர் தம்பி'. அம்மாவுக்கு ரக்பியில் ஒரு விதி தெரியாது, ஆனால் லோயர் தம்பி ஆடினால் மட்டும் வந்து இருப்பா. அப்பா என்னைப் பார்த்து, "பார், விளையாடிக்கொண்டே படிக்கலாம் எண்டதுக்கு உதாரணம்" என்பார். சட்டப் பட்டம் ஒருவனை நல்ல சென்டராக்கும் என்றால் எங்கள் சொந்தக்காரரில் அரைவாசிப்பேர் ஓல் பிளாக்ஸில் இருக்க வேண்டும்.

ஆகவே அந்தப் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, நண்பன் சொன்னபடி நோனுவின் ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. 2003இல் இங்கிலாந்துக்கு எதிராக இதே வெலிங்டனில் டெஸ்டுக்குள் வந்த நோனு வேறு, 2011இல் உலகக் கோப்பை ஆடிய நோனு வேறு. முதலாமவர் பந்தைக் கொடுத்தால் நேரே ஓடுவார். 2007 உலகக் கோப்பைக்கு அவரை எடுக்கவே இல்லை. எத்தனையோ பேர் அதோடு வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். இவர் திரும்பி வந்து பாஸ் கொடுக்கப் பழகினார், காலால் தரையோடு உருட்டிவிடப் பழகினார், எப்போது முட்டுவது எப்போது முட்டுவதுபோல் பாவனை காட்டுவது என்று பழகினார். இருபத்தைந்து வயதுக்குப் பிறகு ஆட்டத்தையே மாற்றி எழுதியவரிடம் மூளை இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்குத்தான் அது இல்லை. இந்த விடயத்தில் நான் முன்பு பேசியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.

முடிவை வாபஸ் வாங்கவில்லை. காரணம் 2011க்குப் பிறகு நடந்தது.

2011 பருவம் முடிந்ததும் பயிற்சியாளர் மார்க் ஹமெட், நோனுவையும் அன்ட்ரூ ஹோரையும் அணியிலிருந்து வெளியே விட்டார். வெலிங்டனே கொதித்தது. என்னைக் கேட்டால் அது பெரிய அநியாயம். நோனு 2012இல் ஒக்லாந்து ப்ளூஸுக்குப் போனார், 2013இல் ஹைலாண்டர்ஸ், 2014இல் திரும்ப ப்ளூஸ், 2015இல்தான் வீடு வந்து சேர்ந்தார். அந்த மூன்று வருடமும் அந்த அணிகளில் அவர் ஆடியதைப் பாருங்கள். பிறகு அதே வருடங்களில் கறுப்புச் சட்டையில், பக்கத்தில் ஸ்மித் நிற்க, அவர் ஆடியதைப் பாருங்கள். ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். ப்ளூஸும் ஹைலாண்டர்ஸும் அப்போது நொண்டி அணிகள், எல்லாப் பழியும் நோனு தலையில் போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2012இல் ஹரிகேன்ஸுக்கு ஸ்மித் தலைவர். பெரிய பெயர்கள் போய்விட்டன. மீதி இருந்தவர்கள் அநேகம் பொடியன்கள்: போடன் பரட், ரீ.ஜே. பெரனாரா, ஜூலியன் சவேயா. அணி சிதறிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்த வருடம் அவர்கள் தோற்றதைவிட வென்றதே அதிகம்.

நோனு போன இடமெல்லாம் நோனுவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்மித் தேவைப்பட்டது. ஸ்மித்துக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் அவர்கள் கொஞ்சம் நல்ல ஆட்டக்காரர்களாகத் தெரிந்தார்கள்.

ஏன் என்று கேட்டால், ஆட்டத்தைப் பந்தில்லாத பக்கமாகப் பாருங்கள் என்பேன். ரீவி கமரா பந்தைத்தான் துரத்தும், மைதானத்தில் இருந்து பார்த்தால்தான் இது தெரியும். (எங்கள் மைதானத்துக்கு 'கேக் டின்' என்று செல்லப் பெயர், வட்டமாகத் தகரத்தில் செய்ததுபோல் இருக்கும்.) சின்ன வயதில் அப்பாவோடு அங்கே போகும்போது எங்களுடைய இருக்கை எப்போதும் கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆக மலிவான இடம். அங்கிருந்து தடுப்பு வரிசை முழுவதும் ஒரு கோடாகத் தெரியும். ஸ்மித் கை நீட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே நிற்பவனுக்கு ஒரு சைகை, விங்குக்கு ஒரு கத்தல், இரண்டு எட்டுப் பின்னால், ஒரு எட்டு வெளியே. எதிரணி பந்தை அவர் பக்கம் கொண்டுவர நினைத்து, பிறகு மனதை மாற்றித் திரும்ப உள்ளே கொடுக்கும். அதற்குப் புள்ளி இல்லை. டக்கிள் கணக்கிலும் வராது. எதிரி அந்தப் பக்கம் வராமலே விட்டதை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது? மூவரிலும் மெலிந்தவர் ஸ்மித், அப்படியொன்றும் வேகமும் கிடையாது. 94 டெஸ்ட், 26 ட்ரை. அவருக்குப் பட்டப்பெயரே 'பாம்பு'. இடைவெளி இருந்தால் நுழைந்துவிடுவார். ஆனால் அவரைப் பெரிய ஆளாக்கியது அவர் நுழைந்த இடைவெளிகள் அல்ல, அடைத்த இடைவெளிகள்.

2011 உலகக் கோப்பை இறுதியாட்டம் 8-7. ஒரே ஒரு புள்ளி. பிரான்ஸ் இரண்டாம் பாதி முழுக்க மூச்சுவிடாமல் தாக்கியது. ஈடன் பார்க்கில் அந்த ஒரு புள்ளியை யாரும் ஓடிப் போய் எடுக்கவில்லை, நின்று காப்பாற்றினார்கள்.

இனி எதிர்க்கட்சியின் துருப்புச் சீட்டு. எனக்குத் தெரியும், யாராவது கட்டாயம் போடுவார்கள். 2015 இறுதியாட்டம், ட்விக்கன்ஹம். ஸ்மித்தின் கடைசி டெஸ்ட். 16-3 என்று முன்னிலை. இடைவேளையில் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹன்சன் ஸ்மித்தை வெளியே எடுத்து சொனி பில் வில்லியம்ஸை உள்ளே விடுகிறார். இரண்டே நிமிடம், வில்லியம்ஸ் பந்தைத் தட்டிவிட நோனு நீளமாக ஓடிப் போய் ட்ரை. "பார்த்தாயா, லோயரை வெளியே எடுத்ததும் ட்ரை வந்தது!"

சரி. ஏன் 42ஆம் நிமிடத்தோடு வீடியோவை நிறுத்துகிறீர்கள்? கொஞ்சம் ஓட விடுங்கள். 21-3 என்றிருந்தது 21-17 ஆனது. பென் ஸ்மித் மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிடம் வெளியே இருந்தது ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் 21-17 ஆக்கிய அந்த இரண்டாவது ட்ரையைப் போட்டவர் யார்? ரெவிற்றா குரிட்ரானி, அவுஸ்திரேலியாவின் 13ஆம் இலக்கம். அப்போது பென் ஸ்மித்தும் திரும்பி வந்திருந்தார். கடைசியில் டான் கார்ட்டரின் காலும் பரட்டின் ஓட்டமும் 34-17 என்று காப்பாற்றின. எனக்கு அந்த இறுதியாட்டமே ஸ்மித்துக்கான சாட்சி.

அடுத்தது "கோப்பை எங்கே?" என்ற கேள்வி. இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்கவும். ஹரிகேன்ஸோடு உமாகா கோப்பை எடுக்கவில்லை. 2006இல் கிறைஸ்ட்சேர்ச் மூடுபனிக்குள் 19-12 தோல்வி. 2015இல் நோனுவும் ஸ்மித்தும் சேர்ந்து நின்ற அணி பட்டியலில் முதலிடம் பிடித்து, சொந்த மைதானத்தில் இறுதியாட்டம் வந்து, ஹைலாண்டர்ஸிடம் 21-14 என்று தோற்றது. அந்த இரவில் அப்பா ரயிலடி வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அடுத்த வருடம் நோனு பிரான்சில், ஸ்மித்தும் பிரான்சில். ஹரிகேன்ஸ் லயன்ஸை 20-3 என்று அடித்து முதல் கோப்பையை எடுத்தது. சென்டர்கள் யார்? வில்லிஸ் ஹலாஹோலோவும் மட் ப்ரொக்டரும். கோப்பைதான் அளவுகோல் என்றால் வாருங்கள், ஹலாஹோலோவுக்குச் சிலை வைப்போம். நானும் காசு தருகிறேன்.

நகானி லவுமாபே? 2017இல் அவர் ஓடிய ஓட்டம் உண்மையிலேயே பயங்கரம். ஆனால் 12, அதுவும் சில வருடங்கள். ஜோர்டி பரட் 12ஆம் இலக்கத்துக்கே பிந்தித்தான் வந்தவர். இருவரையும் இந்தப் பேச்சில் வைக்க முடியவில்லை.

என்னை உண்மையில் தடுமாற வைத்தது வேறொரு பெயர். அதே நண்பனின் மாமா, பழைய அத்லெற்றிக் பார்க் காலத்து ஆள், எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "பொடியன்களே, அலாமா இயெரெமியாவைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். முதலில் சமோவாவுக்கு ஆடியவர், பிறகு ஓல் பிளாக்ஸ், ஹரிகேன்ஸின் முதல் ஐந்து பருவங்களும் அவர் காலம். 1997இல் அணி முதல்முறை அரையிறுதிக்குப் போனபோது நடுவில் நின்றவர். நான் பிறக்கவே இல்லை. நாங்கள் யாரும் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, ஏனென்றால் அவருடைய ஆட்டங்கள் எங்கள் தலைமுறையின் வீடியோத் துண்டுகளில் இல்லை. கமரா காட்டாததைப் பார்க்கச் சொல்லி இவ்வளவு நேரம் உங்களுக்கு வகுப்பு எடுத்த நானே இதில் மாட்டிக்கொண்டேன்.

மாமாவிடம் 1997 ஆட்டங்கள் சில வீடியோ கசற்றில் இருக்கிறதாம். கசற் ஓட்டும் பெட்டிதான் இல்லை. யாரிடமாவது வேலை செய்கிற ஒன்று இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன்.