பாட்டில் கழுவினவன் பார்த்த ஈ

ஈயைக் கண்டால் நம்மில் பெரும்பாலோர் செய்யும் ஒரே ஆராய்ச்சி, கையிலிருக்கும் பத்திரிகையைச் சுருட்டுவதுதான். (இதையும் சுருட்டலாம். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சுருட்டவும்.)

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாய் வட்டமிடுமே, பழ ஈ? விஞ்ஞானத்தில் டிரசோஃபிலா. அதை அடிக்காமல் உற்றுப் பார்த்த மூன்று பையன்களைப் பற்றித்தான் இந்த வாரம். பார்க்க ஆரம்பித்தபோது மூவரில் ஒருவரும் டிகிரிகூட முடித்திருக்கவில்லை.

1910. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். பேராசிரியர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆராய்ச்சி அறை 16க்கு 23 அடி. அதற்குள் எட்டு மேஜை, தொங்குகிற வாழைப்பழம், திரும்பின பக்கமெல்லாம் பால் பாட்டில், பாட்டிலுக்குள் ஈ. நம் பேச்சலர் ரூம்களுக்கு நோபல் பரிசு வராததன் காரணம் நிச்சயமாகச் சுத்தமின்மை இல்லை.

பாட்டில் கழுவ ஆள் தேவைப்பட்டது. கால்வின் பிரிட்ஜஸ் என்ற மாணவன் வந்தான். சிறு வயதிலேயே அம்மா, அப்பா இருவரையும் இழந்து பாட்டியிடம் வளர்ந்த பையன். கழுவப் போன ஒரு பாட்டிலில், ஒரு ஈயின் கண் மட்டும் வழக்கமான அடர் சிவப்பு இல்லாமல் பளீர் சிவப்பாக இருந்தது. லென்ஸ் கிடையாது, தடித்த கண்ணாடி வழியாக வெறும் கண்ணால் பார்த்துவிட்டான். கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சொன்னான்.

இதில் எனக்குப் பிடித்தவர் மார்கன்தான். “உன் வேலை எதுவோ அதைப் பாருப்பா” என்று சொல்லாமல் ஈ ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். நாம் வேலை பார்க்கிற எத்தனை இடத்தில் இது நடக்கும், சொல்லுங்கள்!

அதே அறையில் இன்னொரு மாணவன், ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட். இவனுக்கு நிறக்குருடு. அதனால் கண் நிறம் மாறிய ஈயைப் பிடிப்பது பிரிட்ஜஸின் டிபார்ட்மென்ட். ஸ்டர்ட்டவன்ட்டுக்குக் கணக்கு. 1911-ல் ஒருநாள் காலேஜ் ஹோம்வொர்க்கை மூட்டைகட்டி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு படம் போட்டான். ஜீன்கள் குரோமோசோமில் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்று காட்டும் உலகத்தின் முதல் மரபு வரைபடம். ஹோம்வொர்க் என்ன ஆயிற்று என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

1915-ல் பிரிட்ஜஸ் மறுபடியும் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். (டாக்டர் பட்டத்தை நெருங்கிவிட்டார், இனி ‘ர்’ போடுவோம்.) ஈயின் உடம்பு ரயில் பெட்டி மாதிரி அடுத்தடுத்துக் கோத்தது. மார்பில் மூன்று பெட்டி. நடுப்பெட்டியில் சிறகு. மூன்றாவதில் சிறகுக்குப் பதில் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ், பறக்கும்போது பேலன்ஸ் பண்ண. இந்த ஈயிலோ குமிழ் சிறகாக மாறப் பார்த்தது. மூன்றாம் பெட்டி தன்னை இரண்டாம் பெட்டி என்று நினைத்துக்கொண்டுவிட்டது! ‘பைதோராக்ஸ்’ என்று பேர் வைத்து, சந்ததி அழியாமல் வளர்த்து வைத்தார்கள்.

மூன்றாவது பையன் வருவதற்கு இருபது வருஷம் ஆயிற்று. பென்சில்வேனியாவில் வில்க்ஸ்-பாரி என்ற ஊர். எட்வர்ட் லூயிஸ் அப்போது ஹைஸ்கூல். ‘சயன்ஸ்’ பத்திரிகையில் பழ ஈ விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் பார்த்தான். காசு கொடுத்து ஈ வாங்குவதா என்று நாம் சிரிப்போம். அவன் பள்ளிக்கூட பயாலஜி கிளப் மூலமாக வாங்கியேவிட்டான். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பான் என்பதால் முதலில் ஒரு காலேஜில் சங்கீத ஸ்காலர்ஷிப். ஒரு வருஷத்தில் விட்டுவிட்டு மினசோட்டா பல்கலைக்கழகம் போனான். அங்கே சி.பி. ஆலிவர் என்ற பேராசிரியர் லேபில் ஒரு மேஜையைக் கொடுத்தார். 1939-ல் டிகிரி. அடுத்து கால்டெக்கில் டாக்டர் பட்டத்துக்கு வழிகாட்டி யார் தெரியுமா? ஹோம்வொர்க் செய்யாத அதே ஸ்டர்ட்டவன்ட்!

லூயிஸ் பிடித்துக்கொண்டது பிரிட்ஜஸின் பழைய பைதோராக்ஸை. வருஷக்கணக்காக ஈ கலப்புச் செய்து, சில மரபு மாற்றங்களை ஒரே ஈயில் சேர்த்தார். குமிழ் போயே போய், முழுசாக நாலு சிறகுள்ள ஈ பிறந்தது. 1978-ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார்: எந்தப் பெட்டி எதுவாக வளர வேண்டும் என்று உத்தரவு போட ஒரு ஜீன் கூட்டம் இருக்கிறது; குரோமோசோமில் அவை நிற்கிற வரிசையிலேயே உடம்பிலும் முன்னிருந்து பின்னாக வேலை செய்கின்றன. 1995-ல் அவருக்கு நோபல். பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ். லூயிஸுக்கு அப்போது வயது 77.

ஈயோடு முடிந்தால் இது வெறும் ஈ சமாசாரம். 1984-க்குள் இதே குடும்பத்து ஜீன்கள் எலியிலும் மனிதனிலும் இருப்பது தெரிந்துவிட்டது. அங்கிருந்து வேகம் எடுத்ததுதான் எவோ-டெவோ. கரு எப்படி வளர்கிறது என்பதையும், இனங்கள் எப்படி மாறின என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற துறை. இதற்கு ஈ, இறால், நண்டு, சிலந்தி, பூரான் என்ற கணுக்காலிக் கூட்டத்தைப் போலத் தோதான ஆசாமிகள் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி பெட்டிகள். ஒன்றில் கால், ஒன்றில் கொடுக்கு, ஒன்றில் சிறகு.

உதாரணம் சொல்கிறேன். சில இறால் வகைகளில் மார்பின் முன்கால்கள் நடப்பதை விட்டுவிட்டு, வாய்க்குச் சோறு தள்ளுகிற வேலைக்குப் போய்விட்டன. 1997-ல் மைக்கலிஸ் அவெராஃபும் நிபம் படேலும் பார்த்தார்கள். ‘அல்ட்ராபைதோராக்ஸ்’ என்ற ஜீன் எந்தப் பெட்டியில் ஓய்வெடுக்கிறதோ, அங்கேதான் கால் இப்படி மாறியிருந்தது. பிரிட்ஜஸின் ஈயில் கோளாறானதும் இதே ஜீன்தான். பிறகு பார்ஹையலே என்ற குட்டி இறால் உறவுக்காரனில் சோதித்தார்கள். (சிகாகோவில் ஒரு மீன் காட்சிசாலையின் தண்ணீர் வடிகட்டியிலிருந்து பிடித்து வந்த ஆசாமி.) அதில் அந்த ஜீனை அடக்கினால் கால் வாயுறுப்பு ஜாடைக்கு மாறுகிறது என்று 2009-ல் காட்டிவிட்டார்கள். கோடி வருஷக் கதையின் ஒரு பக்கத்தை லேபில் திருப்பிப் போட்ட மாதிரி.

இந்தத் துறைக்கு இளங்கலைப் பையனும் பெண்ணும் இன்றைக்கும் பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். பூச்சிக்குத் தீனி வை, தொட்டியைக் கழுவு, முட்டையை எண்ணு. ஆறு மாசம் எண்ணினவனுக்குத்தான் ஏழாவது மாசம் ஒரு முட்டை வேறு மாதிரி இருப்பது தெரியும்.

பாட்டில் கழுவினால் நோபல் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பிரிட்ஜஸுக்குக் கிடைக்கவில்லை. 1938-ல், 49 வயதில் போய்விட்டார். 1933 நோபல் மார்கனுக்குத்தான் வந்தது. ஆனால் பெரியவர் அந்தப் பணத்தைத் தன் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பிரிட்ஜஸ் பிள்ளைகளுக்கும் ஸ்டர்ட்டவன்ட் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பிரித்துக்கொடுத்தார். இந்தக் கதையில் நாலு சிறகு ஈயைவிட அபூர்வமான பிராணி இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று. பழைய ரவையில் ஊறுகிற சிவப்பு வண்டு இருக்கிறதே, அதற்கு டிரைபோலியம் என்று பேர். எவோ-டெவோ லேபுகளில் அதற்கு ராஜ உபசாரம். 2008-ல் அதன் முழு மரபுத் தொகுதியே வெளியாகிவிட்டது. வீட்டில் ஜுவாலஜி படிக்கிற தம்பியோ தங்கையோ இருந்தால், அடுத்த தடவை ரவை சலிக்கும்போது ஒரு குரல் கொடுத்துக் காட்டுங்கள்.

உப்புமா பத்து நிமிஷம் லேட்டாகும். பரவாயில்லை.