மறை காத்தலும் உயிர் காத்தலும்

மனத்துயரை உரைக்க வருவோர்க்குத் துணைநிற்றலைத் தொழிலாகக் கொண்டோர் உளவளத்துணையாளர் எனப்படுவர். ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழில் புரிய அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1976 இல் வேர்ஜினியா மாநிலம் முதன்முதல் இதற்குச் சட்டமியற்றிற்று. ஐம்பது மாநிலங்களுள் இறுதியாக, 2009 இல், கலிபோர்னியா இயற்றிற்று. பத்திரம் பெறுதல் எளிதன்று. பெற்றபின் வரும் கடப்பாடுகளோ அதனினும் அரியன.

அவற்றுள் தலையாயது மறை காத்தல். அதற்கும் எல்லையுண்டோ என்னும் வினாவைக் கலிபோர்னியாவிலே 1969 இல் நிகழ்ந்த கொலையொன்று எழுப்பிற்று. பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இந்திய மாணவர் ஒருவர், தம் காதலை ஏற்காத பெண்ணைக் கொல்லப்போவதாகத் தம் உளவியலாளரிடம் கூறினார். உளவியலாளர் வாளாவிருந்தாரல்லர், வளாகக் காவலர்க்கு அறிவித்தார். அவர்களோ, மாணவர் தெளிந்த அறிவினராய்த் தோன்றுகின்றாரென்று விடுத்தனர். மேலதிகாரியும், இனி யாதும் செய்யற்க எனப் பணித்தார். அப்பெண்ணுக்கோ பெற்றோர்க்கோ ஒரு சொல்தானும் சொல்வார் இல்லை. ஒக்டோபர் 27 ஆம் நாள் தத்தியானா தாரசோவ் என்னும் அம்மாணவி கொலையுண்டார்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஆபத்துக்கு இலக்காவோரை எச்சரித்தல் கடமையென மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தது. மீளவும் விசாரித்து, 1976 இல், அவரைக் காக்கத்தக்க நியாயமான முயற்சியைச் செய்தலே கடமையென விரித்துரைத்தது. எல்லா மாநிலங்களும் இதனை ஏற்றில. டெக்சாஸில் அறிவிக்க அனுமதியுண்டு, கட்டாயமில்லை.

மறை வெளிப்படுமாயின் எவர்தாம் வந்து மனந்திறப்பர் என்று மாறுபட்ட நீதிபதியொருவர் வினாவினார். வலிய வினாவே. ஆயினும் நாம் அவர் பக்கம் நில்லோம். எல்லை இதுவென முன்னரே கூறாது, பின்னர் வெளிப்படுத்துதலே நம்பிக்கையைக் கெடுப்பது. அமெரிக்க உளவளத்துணையாளர் சங்கத்தின் 2014 ஆம் ஆண்டு ஒழுக்கக்கோவை, மறை காத்தலின் எல்லையைத் தொடக்கத்திலேயே உணர்த்துமாறும், வெளியிட நேரின் இன்றியமையாததை மட்டுமே வெளியிடுமாறும் விதிக்கின்றது. (துணைநாடி வந்தவரோடு, தொடர்பு முடிந்து ஐந்தாண்டு கழியுமுன் காதலுறவு கொள்ளலாகாதென்பதும் அக்கோவையின் விதியே.)

நம் நாட்டுப் பாடசாலைகளிலே ஆசிரியர் சிலர் ஆலோசனையும் வழிகாட்டலும் என்னும் பணியை ஆற்றுகின்றனர். அவர்களிடம் அனுமதிப்பத்திரம் கேட்பார் இல்லை. ஆயினும் பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் தந்தையின் குடியைப் பற்றிக் காலையிற் சொன்னது, இடைவேளைத் தேநீரோடு ஆசிரியர் அறையிலே பரிமாறப்படலாமா? வகுப்பாசிரியர் அறிந்தால் நன்று என்பர் சிலர். அறியவேண்டியவர் எவரென அச்சிறுவனிடம் கேட்டோமா? அவன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ இடர் வருமாயின் அதிபரையும் பெற்றோரையும் அன்றே அணுகுதல் வேண்டும். அஃதன்றேல் வாய் திறத்தலாகாது.

யூபிலி ஆண்டிலே கல்லூரிக்கு யாது செய்வோமென வினவும் பழைய மாணவரிடம் நாம் வேண்டுவது ஓர் அறை: புறத்தே நிற்போர் கண்ணாடிவழியே காணலாம், கேட்கலாகாது, குறிப்பேடுகளை வைக்கப் பூட்டுள்ள ஓர் அலுமாரியும் வேண்டும்.