கழுவிக் கொடுத்தவர் யார்?

பல்லாண்டுகள் டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துவிட்டு மீண்டும் படச்சுருளுக்குத் திரும்பியோரின் பதிவுகள் நம் பல்கலைக்கழக வட்டங்களில் பெருகி வருகின்றன. தில்லி, கொல்கத்தா, ஐதராபாத் என எந்த வளாகத்திலும், தாத்தாவின் யாஷிகாவையோ பழைய கேமராச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பென்டாக்ஸ் கே1000-ஐயோ தோளில் மாட்டிய ஆய்வு மாணவர் ஒருவரேனும் தென்படுவார். நானும் அவர்களுள் அடக்கம். எட்டாண்டுகள் டிஜிட்டலில் எடுத்தபின், மூன்றாண்டுகளாகப் படச்சுருளில் எடுத்து வருகிறேன். ஆகவே இதை வெளியே நிற்பவரின் ஏளனமாகக் கொள்ள வேண்டா.

திரும்பியதில் எனக்கு மறுப்பில்லை. திரும்பியதற்குச் சொல்லப்படும் காரணங்களைத்தான் மறுக்கிறேன். அவை மூன்று: படச்சுருள் உண்மை பேசுகிறது, படச்சுருள் நிதானத்தைக் கற்பிக்கிறது, படச்சுருள் நம் கைப்பட நாமே செய்யும் கலை. மூன்றும் பிழை. ஆய்வாளர்களாகிய நாம் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பிழையைக் காட்டிலும் மோசமான ஒன்றுக்கு இடமளிக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். டிஜிட்டல் வருமுன் ‘ஃபிலிம் போட்டோகிராபி’ என்று எவரும் சொன்னதில்லை. அது வெறும் போட்டோகிராபி. புதியது வந்தபின் பழையதற்கு அடைமொழி சூட்டும் வழக்கம் எல்லா மொழிகளிலும் உண்டு. பிராய்லர் வந்தபின் நம் கோழியெல்லாம் நாட்டுக்கோழி ஆனதை நினைத்துக்கொள்க. அடைமொழி ஏறியதும் விலையும் ஏறியது, தூய்மை என்ற புகழும் ஏறியது. கோழி மட்டும் அதே கோழிதான். படச்சுருளுக்கு இன்று நேர்ந்திருப்பதும் இதுவே. தூய்மை பேசுவோர் ஒன்றைக் கருதலாம்: அச்சுருளில் வெள்ளி உப்புகளைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின், விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படுவது.

இனி உண்மை. ‘நெகட்டிவ் பொய் சொல்லாது’ என்பது இந்திய ஸ்டூடியோ ஒன்றினுள்ளும் கால் வைக்காதவரின் கூற்று. ‘டச்சிங்’ என்பது இந்நாட்டில் தனித்தொழிலாக இருந்தது. கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் தீட்டுவார்கள். அங்கே கருமை கூடினால் பிரின்ட்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு மறைந்ததும், மணப்பெண்ணின் முகம் நிறம் மாறியதும் அந்தப் பென்சில் முனையில்தான். கிறிஸ்டோபர் பின்னி மத்தியப் பிரதேசத்து நாக்டாவை ஆய்ந்து 1997-இல் வெளியிட்ட ‘கேமரா இண்டிகா’ நூலைப் படித்தோர் அறிவர்: வரையப்பட்ட பின்திரை, இரட்டைப் பதிவு, ஒட்டுப்படம் ஆகியன அங்கே மோசடியாகக் கருதப்படவில்லை. மனிதர் தாம் விரும்பிய உருவில் தோன்றுவதற்கான வழிகள் அவை. அவர்கள் படச்சுருளிடம் உண்மையைக் கேட்கவே இல்லை.

உண்மையைக் கேட்டவர்கள் வேறு சிலர். 1857-க்குப் பின் ஆங்கிலேய அரசு இந்நாட்டு மக்களைச் சாதிகளாகவும் குடிகளாகவும் வகைப்படுத்தி, 1868 முதல் 1875 வரை ‘இந்திய மக்கள்’ என்ற தலைப்பில் 8 தொகுதிகளை ஒளிப்படங்களோடு வெளியிட்டது. வேதிமுறைப் படம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையே அத்தொகுதிகளின் அதிகாரம். அந்த வாக்கியத்தை இன்று நாம் இன்ஸ்டாகிராமில் அப்படியே எழுதுகிறோம்.

வண்ணப் படச்சுருளுக்கு வேறொரு சார்பும் உண்டு. வட அமெரிக்க லேப்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய ‘ஷர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். கரிய தோலின் நுட்பங்களைச் சுருள் சரியாகப் பதியவில்லை. கொடாக் அதைத் திருத்த முற்பட்டதற்கு மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்களின் முறையீடுகளும் காரணம் என்று கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியுள்ளார். மரத்தின் பழுப்பும் சாக்லேட்டின் பழுப்பும் பெற்ற கவனத்தை மனிதரின் பழுப்பு முதலில் பெறவில்லை. இந்த வரலாற்றோடு தில்லி மாணவர் ஒருவர் ‘ஸ்கின் டோன் ஃபிலிமில்தான் உண்மையாக வரும்’ என்று எழுதும்போது நாம் என்ன சொல்வது?

இன்னொரு சான்று. கொடாக்ரோம் சுருளின் உற்பத்தி 2009-இல் நின்றது. ஆலையிலிருந்து வந்த கடைசிச் சுருள் ஸ்டீவ் மெக்கரியிடம் தரப்பட்டது. அதன் சில சட்டகங்களை அவர் இந்தியாவில் எடுத்தார். அதே மெக்கரியின் படங்கள் சில கணினியில் திருத்தப்பட்டிருந்தது 2016-இல் வெளிப்பட்டது. அவற்றுள் இந்தியப் படங்களும் இருந்தன. தம்மைக் காட்சிவழிக் கதைசொல்லியாகக் கருதவேண்டும் என்பது அவர் அளித்த விளக்கம். நேர்மை எடுப்பவரிடமும் வெளியிடுபவரிடமும் இருக்க வேண்டியது. ஜெலட்டினில் அதைத் தேடுவது வீண்.

அடுத்து நிதானம். 36 சட்டகங்களே உள்ளன, ஆகவே சிந்தித்து எடுக்கிறோம் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் நிகழ்கிறது. ஆனால் அந்தச் சிந்தனையில் பாதி பணத்தைப் பற்றியது. ஒரு வண்ணச் சுருளின் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் செய்யும் கூலி மூன்றும் சேர்ந்தால் இன்று ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத முனைவர் பட்ட உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். மாதம் நான்கு சுருள் எடுப்பவர் அதில் பாதிக்குமேல் இழப்பார். நிதானம் என்று நாம் போற்றுவது பலருக்கு வெறும் இயலாமை. வறியவர்க்கு ஒரு தலைமுறைக்கு ஓரிரு படங்களே வாய்த்த காலத்தின் பற்றாக்குறையை, வசதியுள்ளோர் இன்று ஒழுக்கமாக அணிந்துகொள்கிறோம். டிஜிட்டல் கேமராவிலும் 36-ஆவது படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், தடுப்பார் இல்லை.

மூன்றாவதே முதன்மையானது. ‘என் கைப்பட’ என்னும் பேச்சு. இங்கு மொழியே நமக்குச் சான்று சொல்கிறது. படம் எடுத்தலுக்கு இந்தியில் ‘கீஞ்ச்னா’, அதாவது இழுத்தல். வங்காளத்தில் ‘தோலா’, தூக்குதல். தமிழில் எடுத்தல், பிடித்தல். இவையெல்லாம் எடுப்பவர் தாமே செய்யும் வினைகள். டிஜிட்டல் வந்த பின்னும் மாறவில்லை. மாறியது அடுத்த வினை. இந்தியில் ஃபிலிமை ‘துல்வானா’ என்பார்கள். ‘தோனா’ என்ற கழுவுதலின் பிறவினை அது. தமிழில் -வி என்னும் பிறவினை விகுதி பேச்சில் பெரிதும் அருகிவிட்டது. அதனால் ‘கழுவக் கொடுத்தோம்’ என்றோம். ஃபிலிம் நாளைக்கு வரும், பிரின்ட் போடக் கொடுத்திருக்கிறது, லேபிலிருந்து வாங்க வேண்டும்: இத்தொடர்கள் எல்லாவற்றிலும் இன்னொருவர் இருக்கிறார். வாக்கியத்தில் அவர் பெயர் இல்லை. ஆயினும் வினையின் வடிவம் அவரை மறைக்க விடவில்லை.

படச்சுருள் பெரும்பாலோர்க்குப் பிறவினையில் நடந்த கலை. வண்ணச் சுருளை 37.8 பாகை செல்சியசில் 3 நிமிடம் 15 நொடி வைத்து எடுக்கும் கரைசலின் வெப்பம் சற்றுப் பிசகினாலும் ஊரார் வீட்டுத் திருமணம் நிறம் திரிந்துபோகும். அதைக் காத்துநின்றவர்கள் இருந்தனர். கறுப்பு வெள்ளைக் காலத்தில் மெட்டால் கலந்த கரைசலில் நாள்தோறும் விரல் தோய்த்து, தோல் வெடித்தவர்கள் இருந்தனர். உதகையில் ஆயிரக்கணக்கானோர் பணிபுரிந்த பொதுத்துறை ஆலையான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற வணிகப் பெயரில் சுருளும் எக்ஸ்ரே தகடும் வழங்கிய ஆலை அது. இன்று அது இயங்கவில்லை. நாம் பெருமையோடு படம்போட்டுக் காட்டும் கொடாக்கும் இல்ஃபோர்டும் இறக்குமதி. அந்த ஆலையின் தொழிலாளர் குறித்து நம் ‘அனலாக்’ பதிவுகளில் ஒரு வரியேனும் நான் கண்டதில்லை.

மேலே குறிப்பிட்ட மோசமான விளைவு இதுவே. உண்மை, நிதானம், தனிமை என்று பேசப்பேச, படச்சுருளின் இந்திய வரலாறு எடுப்பவரின் மனநிலையாகச் சுருங்குகிறது. அதே வேளையில் அந்த வரலாற்றின் உடல் அழிந்துகொண்டிருக்கிறது. கொல்கத்தாவின் போர்ன் அண்டு ஷெப்பர்டு நிலையத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி 1991-இல் தீக்கு இரையாயிற்று. நிலையம் 2016-இல் மூடப்பட்டது. அது பெயர்பெற்ற இடம், ஆதலால் செய்தியானது. சிற்றூர் ஸ்டூடியோ மூடப்படும்போது பேரனுக்கு வேண்டியது கடையின் இடம். நெகட்டிவ் பெட்டிகள் பழைய பொருள் வாங்குவோரிடம் போகின்றன. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி உண்டு; அதற்கு எடைக்கு விலை உண்டு. ஓர் ஊரின் முகங்கள் முழுவதும் சில கிராம் வெள்ளியாக உருகும்.

‘நெகட்டிவ் நிலைக்கும், ஹார்டு டிஸ்க் நிலைக்காது’ என்போர்க்கும் ஒரு சொல். அசிடேட் அடித்தளம் சிதையும்போது புளிக்காடி வாடை வீசும். வண்ணச் சாயம் மங்கும். நம் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை ஜெலட்டினைத் தின்னும். எந்த ஊடகமும் தன்னைத் தானே காப்பதில்லை. காப்பவர் வேண்டும். படச்சுருளின் சிறப்பாக நான் ஒப்புவது ஒன்றே: அது இடத்தை அடைத்துக்கொண்டு கண்முன் கிடக்கிறது. காப்பதா எறிவதா என்ற முடிவை யாரேனும் ஒருவர் எடுத்தே ஆகவேண்டிய நெருக்கடியைத் தருகிறது. டிஜிட்டலில் அம்முடிவை எடுக்காமலே இழக்கலாம்.

ஆகவே, திரும்பியவர்களிடம் சில கோரிக்கைகள்.

உங்கள் ஊரில் மூடவிருக்கும் ஸ்டூடியோவுக்குச் செல்லுங்கள். நெகட்டிவ்கள் எங்குள்ளன என்று கேளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுத்தது. நடக்கக்கூடிய வேலை என்பதற்கு அது சான்று. அதே வேளையில் அம்முகங்கள் எவருடைய கலைப்பொருளும் அல்ல. குடும்பங்களின் ஒப்புதலின்றி ‘விண்டேஜ்’ என்று வலையில் ஏற்றுவது, 1868-இன் தொகுப்பாளர்கள் செய்ததற்குச் சற்றும் குறைந்ததன்று.

களப்பணியில் எடுத்த படங்களை யார், எங்கே, எப்போது, யார் ஒப்புதலுடன் என்ற விவரங்களோடு துறையிலோ நூலகத்திலோ ஒப்படையுங்கள். ஒலிப்பதிவுக்கு மொழியியலாளர் எழுதும் விவரக்குறிப்பு படத்துக்கும் வேண்டும். அதை ஏற்கும் ஏற்பாடு உங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லையெனில், கேட்டுப் போராட வேண்டியது அதைத்தான்.

விடுதிக் குளியலறையில் சுருள் கழுவுவோர், பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்திருப்பது வெள்ளி. நீர்வாழ் உயிர்களுக்கு வெள்ளி நஞ்சு. வெள்ளியைப் பிரித்தெடுக்கும் லேபில் கொடுங்கள்.

கடைசியாக, ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளருக்கும் நண்பர்களுக்கும் இடமிருக்கிறதெனில், உங்கள் சுருளைக் கழுவியவர் பெயரையும் அவரைக் கேட்டு எழுதுங்கள். பலருக்கு அப்பெயர் தெரியாது என்று அறிவேன். அடுத்த சுருளைக் கொடுக்கச் செல்லும்போது கேளுங்கள்.

மறுப்பு உடையோர் எழுதுக. படித்து மறுமொழி தருவேன். ‘ஆனால் அந்த கிரெயின்…’ என்று தொடங்கும் மறுப்புகளுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கிரெயின் எனக்கும் பிடிக்கும்.