சீனி பார்க்கும் ஸ்ரிப்பும் எமது பொறுப்பும்



எம்மவர் மத்தியில் சீனி வருத்தம் மலிந்துவிட்டது. விரலில் குத்திச் சீனி பார்க்கும் கருவியும் ஜேர்மனியில் எங்கள் வீடுகள் பலவற்றில் உண்டு. ஆனால் அதில் செருகும் அந்தச் சிறிய பிளாஸ்ரிக் ஸ்ரிப் என்னவென்று நாம் யோசிப்பதில்லை. யோசித்தால் அதைக் கையாளும் விதம் மாறும் என்பது என் கருத்து.

அந்த ஸ்ரிப் ஒரு குட்டி ஆய்வுகூடம். அதன் நுனியில் மிக ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. தொட்டவுடன் இரத்தத்தை அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே நொதியம் ஒன்று காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கும். நொதியம் குளுக்கோசுடன் சேரும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. இதன் மூலக் கருத்தை 1962இல் அமெரிக்காவில் கிளார்க், லையன்ஸ் என்ற இருவர் முன்வைத்தனர்.

நொதியத்தைப் பிளாஸ்ரிக்கினுள் வைப்பது இலகுவான காரியமல்ல. பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி ஒட்டலாம். நொதியமோ ஒரு புரதம். கொதிநீரில் முட்டை வெள்ளைக்கரு மாறுவதுபோல அதுவும் வெப்பத்தில் கெடும். ஈரப்பதனும் அதற்கு ஆகாது. அதனால்தான் போத்தலில் ஈரம் உறிஞ்சும் பொருளும் இறுக்கமான மூடியும் உள்ளன.

நாங்கள் செய்வது என்ன? அடுப்படியில் போத்தலைத் திறந்தபடி வைக்கிறோம். பாதியை வேறு பையில் போட்டு அண்ணனுக்குக் கொடுக்கிறோம். மிஞ்சியதை ஊருக்குப் பார்சலில் அனுப்புகிறோம். பெரும்பாலான ஸ்ரிப்புகளை 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலும், கோடையில் பூட்டிய காரும் அதைத் தாண்டிவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. இன்சுலின் போடாத இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு, 2011 ஒக்டோபர் முதல் சட்டபூர்வக் கிராங்கன்காசே பொதுவாக ஸ்ரிப்புக்குப் பணம் கொடுப்பதில்லை. சீனி நிலையில்லாமல் ஏறி இறங்கும் காலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கைக்காசில் வாங்கினால் மிச்சம் பிடிக்கத்தான் தோன்றும். போர்க்கால மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டு அகதியாய் வந்த என் தலைமுறைக்கு எதையும் எறிய மனம் வராது. ஆனாலும், பழுதான பத்து ஸ்ரிப்பிலும் பார்க்க நல்ல ஸ்ரிப் ஒன்று மேல்.

நல்ல ஸ்ரிப்புக்கும் எல்லை உண்டு. 2013இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரவிதி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமான அளவுகளில் 15 சதவீத வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறது. அதாவது உண்மையில் 140 ஆக உள்ள சீனியைக் கருவி 119 என்றோ 161 என்றோ காட்டினாலும் அது விதிக்குள்தான். அன்றாடக் கண்காணிப்புக்கு இது போதும். வருத்தம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க இது போதாது.

ஆகவே மனைவியின் கருவியில் ஒருமுறை பார்த்துவிட்டு "எனக்குச் சீனி இல்லை" என்று இருப்பதும், எண் குறைந்ததென்று மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. தீர்மானம் ஆய்வுகூடத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனையில்தான். சட்டபூர்வக் காப்புறுதி உள்ளவர்கள் 35 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகச் செய்யக்கூடிய "செக்-அப்" பரிசோதனையில் வெறுவயிற்றுச் சீனியும் அடங்கும். எம்மவரில் எத்தனையோ பேர் இதைப் பயன்படுத்துவதில்லை.

வீட்டில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சிலவே. கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் வெட்டிய கையில் குத்தினால் பழத்தின் சீனியும் சேர்ந்து அளக்கப்படும். ஸ்ரிப்பை அதன் போத்தலிலேயே வைத்து உடனே மூடுங்கள். காலாவதித் திகதியையும், திறந்த பின் எவ்வளவு காலம் பாவிக்கலாம் என்பதையும் பாருங்கள். ஊரில் உள்ள அம்மா அப்பாவுக்கு மிச்ச ஸ்ரிப்பை அனுப்பாமல், அங்கேயே புதிதாய் வாங்கப் பணம் அனுப்புங்கள்.

அடுத்த முறை குடும்ப வைத்தியரிடம் போகும்போது, குறித்து வைத்த எண்களோடு கருவியையும் போத்தலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.