துபாஷியை வேலையிழக்கச் செய்த தேநீர்

'டாக்டர் ஹூ' தொடரின் 2005ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயமான 'தி கிறிஸ்துமஸ் இன்வேஷன்', மொழி வேற்றுமையை மதிக்கும் அரிய அறிவியல் புனைவு என்று பாராட்டுவோர் மொழியியல் வகுப்பறைகளில் உண்டு. அப்பாராட்டு அதன் முற்பாதிக்கு மட்டுமே பொருந்தும். அங்கே கொடுத்ததைப் பிற்பாதி திரும்பப் பறித்துக்கொள்கிறது; பாராட்டுவோரும் அந்த இடத்தில்தான் கைதட்டுகிறார்கள்.

இத்தொடரில் எக்கோளில் இறங்கினாலும் அனைவரும் ஆங்கிலம் பேசுவதாகவே கேட்கும். டார்டிஸ் என்னும் கலம் பயணிகளின் மூளைக்குள் புகுந்து மொழிபெயர்க்கிறது என்பது அதற்கான விளக்கம். தன்னைக் கேட்காமலே தன் மூளைக்குள் ஒன்று நுழைந்ததா என்று அதே ஆண்டின் 'தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' அத்தியாயத்தில் ரோஸ் டைலர் சினந்தாள். அந்தச் சினத்துக்குத் தொடர் உரிய மறுமொழி தரவேயில்லை.

கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் டாக்டர் நினைவிழந்து கிடக்கிறார். கலத்தின் மொழிபெயர்ப்பும் நின்றுவிடுகிறது. படையெடுத்துவந்த சைக்கோராக்ஸ் இனத்தார் தம் சொந்த மொழியில் முழங்குகின்றனர். பிரதமர் ஹாரியட் ஜோன்ஸின் உதவியாளரான அலெக்ஸ், கையிலுள்ள கருவியைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பெயர்த்துச் சொல்கிறார். மிரட்டலில் 'அவர்கள் சாவார்கள்' என்று வருகிறது. 'நீங்கள்' இல்லையா, 'அவர்கள்' என்றால் யார் என்று பிரதமர் வினவ, இடப்பெயர் சரியானதுதான் என்கிறார் அலெக்ஸ். மனிதகுலத்தில் மூன்றிலொரு பங்கினரின் உயிர், முன்னிலையா படர்க்கையா என்ற ஐயத்தில் தொங்குகிறது! மொழிபெயர்ப்பு என்பது பொறுப்பும் அச்சமும் நிறைந்த உழைப்பு என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய தொலைக்காட்சிக் காட்சிகள் குறைவு.

பிறகு தேநீர் சிந்துகிறது. அதன் ஆவியை முகர்ந்து டாக்டர் உயிர்க்கிறார் (வேறு எந்தப் பானம் இதற்கு வாய்த்திருக்கும்?). சைக்கோராக்ஸ் தலைவனின் பேச்சு பாதியிலேயே ஆங்கிலமாகிவிடுகிறது. நீ பேசுவது ஆங்கிலம் என்று எதிரிலுள்ளோர் சொல்ல, அந்த இழிமொழியால் தன் நாவை மாசுபடுத்த மாட்டேன் என்று அவன் கொதிக்கிறான். அந்த மறுப்பும் ஆங்கிலத்திலேயே கேட்கிறது. பார்வையாளர் சிரிக்கின்றனர். தான் பேசும் மொழி எது என்று சொல்லும் உரிமைகூடப் பேசுபவனிடம் இல்லை. கேட்பவரின் வசதி அதைத் தீர்மானித்துவிடுகிறது. அவன் கொடியவன்தான். ஆனால் அக்காட்சியின் சிரிப்பு அவன் கொடுமையைக் குறித்ததன்று, அவன் மொழியைக் குறித்தது.

சைக்கோராக்ஸ் என்பது ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் காலிபனின் தாய் பெயர். அவள் மேடைக்கு வருவதே இல்லை. அவளைப் பற்றிப் பிறர் சொல்வது மட்டுமே நமக்குக் கிட்டுகிறது. அப்பெயரைத் தாங்கிய இனத்துக்கு அரைமணி நேரமேனும் வாய் கிடைத்தது என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

கதை நகர வேண்டாமா, பண்டிகைநாள் கேளிக்கையில் இவ்வளவு தேடலாமா என்பது வழக்கமான சமாதானம். கதை நகரத்தான் செய்தது. அலெக்ஸ் திக்கிய நிமிடங்களில்தான் அதன் இறுக்கம் மிகுதி. மொழிபெயர்ப்பைப் பற்றி எழுத்தாளர்கள் சிந்திக்கவில்லை என்றும் கூற இயலாது. 2008இல் வந்த 'தி ஃபயர்ஸ் ஆஃப் பாம்பேய்' அத்தியாயத்தில் டோனா இலத்தீனில் பேச, ரோமானியக் கடைக்காரருக்கு அது கெல்டிக் மொழியாகக் கேட்கிறது. இத்தொடர் வேல்ஸின் கார்டிஃபில் உருவானது. வெல்ஷ் மொழித் தொலைக்காட்சிக்காகச் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று 1980இல் குவின்ஃபோர் எவன்ஸ் அறிவித்த மண் அது. அலைவரிசை 1982இல் வந்தது. அங்கே கெல்டிக் என்பது புரியாத பேச்சுக்கான பகடியாவதை வெறும் செல்லக் கிண்டல் என்று கடப்பது எளிதன்று.

தலைவனின் பேச்சு ஆங்கிலமானதும் அலெக்ஸின் கருவிக்கு வேலையில்லை. இறுதியில் டாக்டர் அவர் காதருகே குனிந்து, பிரதமரின் சோர்வைப் பற்றி ஆறே ஆங்கிலச் சொற்களைக் கிசுகிசுக்கிறார். ஹாரியட் ஜோன்ஸின் ஆட்சி ஆட்டங்காண்கிறது.