நிறுத்தச் சொல்லும் அதிகாரம்

மருத்துவமனையை எப்படி நடத்துவது என்பதில் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் பங்கு வேண்டும் என்றதும், 'இனி சிகிச்சையை அவர்கள்தான் முடிவு செய்வார்களா?' என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. எந்த மருந்து, என்ன ஆபரேஷன் என்பதை டாக்டர்தான் சொல்வார். அது நோயாளியின் படுக்கைவரை ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பதில்தான் நர்ஸின் குரல் தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001-ல் நடந்ததைப் பார்ப்போம். பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் சென்ட்ரல் லைன் வழியாக ஐ.சி.யு. நோயாளிகளுக்குக் கிருமித்தொற்று வந்துகொண்டிருந்தது. டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஐந்தே படிகளை எழுதினார்: சோப்புப் போட்டுக் கை கழுவுவது, தோலைக் கிருமிநாசினியால் துடைப்பது, நோயாளியை முழுவதும் போர்த்துவது, மாஸ்க்கும் கவுனும் கையுறையும் அணிவது, குழாய் நுழைந்த இடத்தைச் சுத்தமான கட்டால் மூடுவது. மருத்துவ மாணவருக்கே தெரிந்த சங்கதிகள்! டாக்டர்களை ஒரு மாதம் கவனித்துக் குறித்துவைக்கும்படி நர்ஸ்களிடம் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது.

பிறகு, படி தவறினால் டாக்டரையே நிறுத்தலாம் என்ற அதிகாரத்தை நிர்வாகம் நர்ஸ்களுக்குக் கொடுத்தது. வேண்டிய பொருள்களெல்லாம் ஒரே ட்ராலிக்கு வந்தன. குழாய் போட்ட பத்து நாளுக்குள் வரும் தொற்று, ஓராண்டில் 11 சதவீதத்திலிருந்து பூஜ்யமானது. பட்டியல் மட்டும் இதைச் சாதித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய டாக்டரிடம் "சார், நீங்க கை கழுவலை" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அவரோடு ரவுண்ட்ஸ் போக வேண்டுமே! நிர்வாகம் தன் பக்கம் நிற்கும் என்ற உறுதி இல்லாமல் யார் வாய் திறப்பார்?

இதில் நர்ஸ்களுக்கும் லாபம் உண்டு. பற்றாக்குறைக் காலத்திலும் நர்ஸ்களைத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை 1983-ல் ஓர் அமெரிக்க ஆய்வு அடையாளம் கண்டது. முடிவெடுப்பதில் நர்ஸ்களுக்கு இடம் இருந்ததும் அவற்றின் இயல்புகளில் ஒன்று.

அப்படி இடம் கொடுக்க, ஆலோசனைப் பெட்டி வைத்தால் மட்டும் போதாது; பல இடங்களில் அதன் சாவி யாரிடம் என்பதே யாருக்கும் தெரியாது. நைட் டியூட்டி முடிந்த களைப்பில் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, 'நர்ஸ்களுக்கு ஆர்வமில்லை' என்று எழுதுவதும் நியாயமில்லை. கூட்ட நேரம் டியூட்டியாகவே கணக்காக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் கூட்டத்துக்கு வரும் நர்ஸின் படுக்கைகளை யார் பார்ப்பது என்பதும் டியூட்டி அட்டவணையில் இருக்க வேண்டும். சொன்ன யோசனை நடக்காது என்றால், ஏன் நடக்காது என்பதை அடுத்த கூட்டத்தில் அவரிடமே சொல்லிவிட வேண்டும்.