தலைமைக்கு முதற்படி



மாதர் சங்கத்தின் புதிய நிர்வாகத் தெரிவில் ஒருவரின் பெயரை முன்மொழிந்தால், "ஐயோ, என்னை விடுங்கோ, எனக்கு என்ன தெரியும்?" என்று அவர் பின்வாங்குவதை நாம் அடிக்கடி காண்கிறோம். இது வெறும் அடக்கமா?

போருக்குப் பின் படிவங்களில் எங்களுக்குப் பல பெயர்கள் எழுதப்பட்டன: விதவை, இடம்பெயர்ந்தவர், காணாமல் போனவரின் மனைவி, பயனாளி. இவை எங்களுக்கு நடந்ததையும் நாங்கள் இழந்ததையும் சொல்கின்றன. எறிகணைகளுக்கிடையே பிள்ளைகளைக் காத்ததையும், அலுவலகம் அலுவலகமாக அலைந்து காரியம் முடித்ததையும் எழுத அங்கே இடமில்லை. கேட்டுக் கேட்டு நாங்களும் அப்பெயர்களையே நம்பிவிடுகிறோம்.

அப்படிப்பட்ட பெயர்களைத் தாண்டி எழுந்த பெண்கள் ஒரு நாட்டின் போரை முடிக்கவே உதவினார்கள். மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியாவில் 1989 இல் போர் தொடங்கியபோது லேமா குபோவீக்கு 17 வயது. கானாவில் அகதியாக வாழ்ந்தார். குடும்பத்துக்குள்ளும் வன்முறையை அனுபவித்தார். பின்னர் உளநல உதவிப் பயிற்சி பெற்று, சிறுவர் போராளிகளாக இருந்தவர்களுடன் பணியாற்றினார்.

2003 இல் அவரும் தோழிகளும் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களை ஒன்றுசேர்த்தார்கள். "நாம் யார்?" என்பதற்கு அப்பெண்கள் தாங்களே விடை சொன்னார்கள். கட்சியையும் மத வேறுபாட்டையும் ஒதுக்கி, சமாதானம் கேட்கும் தாய்மாராக வெள்ளை உடையில் வந்தார்கள். தலைநகர் மொன்றோவியாவில் மீன் சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்தார்கள். கானாவில் நடந்த பேச்சுவார்த்தை இழுபட்டபோது மண்டப வாசலை மறித்து இருந்தார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் உடன்பாடு கைச்சாத்தானது. 2011 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற மூன்று பெண்களில் குபோவீயும் ஒருவர்.

தன்னை அறிவதென்றால் பலத்தோடு பலவீனத்தையும் அறிவதாகும். கணக்கு தனக்கு வராது என்று தெரிந்த தலைவி, அது தெரிந்தவரைப் பொருளாளராக்கி அவரிடம் கேட்டுப் பழகுவார். எந்தப் பேச்சு தன்னைச் சினமூட்டும் என்று தெரிந்தவர் கூட்டத்தில் நிதானம் இழக்கமாட்டார். தன்னை அறியாதவரோ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அல்லது எல்லோரையும் அதட்டுவார்.

எமது நாட்டில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. அந்தக் கதிரைகளில் அமரப்போகிறவர்களும் சங்கங்களில்தான் பழகவேண்டும்.

இன்றிரவு வேலைகள் முடிந்தபின் ஒரு கொப்பியில் மூன்று விடயங்களை எழுதுங்கள். நான் தாங்கிக் கடந்தது எது? எனக்கு நன்றாகக் கைவருவது எது? எதற்கு நான் பிறர் உதவியைக் கேட்கவேண்டும்? எழுத முடியாதவர்கள் நம்பிக்கையான தோழியிடம் சொல்லுங்கள். எந்தப் படிவத்திலும் இல்லாத உங்கள் விபரம் அதில் இருக்கும்.